கரைவலைக் கடலில் கல் ஏது?

போன வருடம் மாசி மாதம். தரம் 10 வகுப்பில் ஐந்தாம் பாடவேளை. கரும்பலகையில் நான்கு வரி எழுதிவிட்டுத் திரும்பினேன். முருகைக்கற்பார்கள் (பவளப்பாறைகள்) வளரத் தேவையான நிலைமைகள்: 20 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பம், தெளிந்த நீர், போதிய உவர்ப்பு, சூரிய ஒளி எட்டக்கூடிய ஆழம். 22 வருடமாக இதே நான்கு வரியை இதே ஒழுங்கில் எழுதி வருகிறேன். வெண்கட்டியைப் பிடித்தால் கை தானாக எழுதும். எனக்கு அதில் வேலை இல்லை. பிள்ளைகளும் தூக்கக் கலக்கத்தில் அப்படியே பார்த்து எழுதுவார்கள். அன்றைக்கு யன்னலோரம் இருந்த பிள்ளை மட்டும் எழுதவில்லை. பேனையை உதட்டில் வைத்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பள்ளிக்கூட யன்னலில் தாழம்பற்றை தெரியும், அதற்கப்பால் கடல். மட்டக்களப்புக்குத் தெற்கே கல்லாற்றுப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும்: வாவிக்கும் கடலுக்கும் நடுவே எங்கள் ஊர்கள் வயல் வரப்பில் குந்தியிருப்பது போலத்தான் இருக்கின்றன.

"சேர், எங்கள் கடலும் சூடுதானே? உப்புத்தானே? கரையோரம் ஆழமும் இல்லை. அப்படியென்றால் இங்கே ஏன் முருகைக்கல் இல்லை?"

"பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இருந்தது மகள்," என்றேன். "சுண்ணாம்புச் சூளைக்கு வெட்டிக் கொடுத்தோம், வெடி போட்டு மீன் பிடித்தோம், எல்லாம் போய்விட்டது." குரலையும் சற்றுத் தாழ்த்திக்கொண்டேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. மனிதனுடைய பேராசை என்று ஒரு வரி சொன்னால் பிள்ளைகள் தலையைக் குனிவார்கள், மணி அடிக்கும், ஆசிரியர் ஏதோ பெரிதாகப் படிப்பித்துவிட்ட மிதப்பில் வெளியேறுவார். நானும் அப்படித்தான் வெளியேறினேன்.

சைக்கிளில் வீட்டுக்கு வரும்போதே அரிக்கத் தொடங்கிவிட்டது. நான் சொன்னது எதுவும் கற்பனை அல்ல. சூளைகள் இருந்தன. மாவட்டத்தின் வடக்கே, கல்குடாவுக்கு அப்பால், கல் அகழ்ந்து சுட்டு விற்ற காலம் உண்டு. 1988-இல் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்து முருகைக்கல் அகழ்வதைத் தடை செய்யவேண்டிய அளவுக்கு இந்தத் தீவின் பல கரைகளில் அது ஒரு தொழிலாகவே நடந்தது. வெடியும் உண்மை. ஆனால் கல்லாற்றுக் கரையில்? என் வாழ்நாளில் அங்கே ஒரு சூளையை நான் பார்த்ததில்லை, பார்த்ததாக ஒருவர் சொல்லிக் கேட்டதும் இல்லை. வடக்கே நடந்த குற்றத்தைத் தெற்கே இழுத்து வந்து, எங்கள் ஊர்க் கிழவர்களின் தலையில் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

அந்தக் கிழவர்களில் ஒருவர்தான் அந்தப் பிள்ளையின் அம்மப்பா என்பது பங்குனியில் தெரிந்தது.

வாடியில் ஒரு விசாரணை

கடல் அடங்கிக் கரைவலை தொடங்கியிருந்த காலம். பின்னேரம் கரையில் நடந்து போனபோது வாடிக்கு முன்னால் தென்னையின் கீழ் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஊசியை நிறுத்தாமல் கூப்பிட்டார். "சேர், இப்படி வாருங்கள். எங்கள் கடலில் கல் இருந்ததாம். நாங்கள் வெட்டி விற்றுத் தின்றோமாம். பிள்ளை வந்து சொல்லுகிறது."

கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் சிரித்துக்கொண்டு கேட்டார். நான் ஏதோ முழுங்கினேன். பொதுவாகச் சொன்னது, நாடு முழுக்க நடந்ததைச் சொன்னது என்று. அவர் ஊசியைக் கீழே வைத்தார்.

"பதினாலு வயதிலிருந்து இந்தக் கடலில் கரைவலை இழுக்கிறேன். என் அப்பா இழுத்தார். அவருடைய அப்பாவும் இழுத்தார். கரைவலை இழுக்கிற கடலில் கல் ஏது சேர்? ஒரு கல் இருந்தால் வலையின் மடி கிழிந்துபோகாதா?"

அவ்வளவுதான். என்னுடைய நான்கு வரியும், சூளையும், வெடியும், மனிதனின் பேராசையும் அந்த ஒரு கேள்வியில் விழுந்துவிட்டன. கரைவலை என்பது கடலின் அடித்தளத்தைத் தடவிக்கொண்டே கரைக்கு வருவது. வளைத்துப் போட்ட இடத்திலிருந்து கரை வரைக்கும் ஓரிடத்தில் ஒரு கல் தலை நீட்டியிருந்தாலும் கயிறு பிடித்த அத்தனை கைகளுக்கும் தெரிந்துவிடும். இப்படிக் கல்லடியிலிருந்து காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று இந்தக் கரை நெடுக நாள்தோறும், தலைமுறை தலைமுறையாகக் கடலடியைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்திருக்கிறார்கள். எந்த நில அளவைத் திணைக்களமும் ஒரு கடலை இவ்வளவு தரம் அளந்திருக்காது. நான் புவியியல் படித்தவன். கரைவலை வாடிகளைப் புள்ளி புள்ளியாகக் குறித்தாலே முருகைக்கல் எங்கே இல்லை என்பதற்கான வரைபடம் ஆயத்தமாகிவிடும் என்பது எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

கல்லாறு, கல்லடி என்று ஊர்ப் பெயர்களில் மட்டும் கல் நிறைய உண்டு. கடலில் மணல்தான்.

அன்றிரவு பழைய பல்கலைக்கழகக் குறிப்புகளைக் கிளறினேன். பதில் அங்கேயே இருந்தது, நான்தான் ஏறிட்டுப் பார்க்கவில்லை. முருகை வாழ்க்கையைத் தொடங்குவது மிதக்கும் குடம்பியாக, அதாவது இளம் உயிராக. குண்டூசித் தலையளவு, பல வேளை அதைவிடவும் சிறிது. சில நாளோ சில கிழமையோ நீரோட்டத்தோடு அலைந்து, பிறகு ஒட்டிக்கொள்ள ஓரிடம் தேடும். ஒட்டிவிட்டால் அதோடு சரி, சாகும்வரை அந்த இடம்தான். அதற்கு அசையாத தரை வேண்டும். எங்கள் கரையில் எது அசையாமல் இருக்கிறது? வாடைக் காலத்து அலை ஒரே இரவில் ஒரு ஆள் உயரத்துக்குக் கரையை அரித்துக்கொண்டு போய், பங்குனியில் திரும்பக் கொண்டுவந்து கொட்டுகிறது. முகத்துவாரத்தை மணல் மூடுவதும் வெள்ளம் உடைப்பதுமாக வருடத்துக்கு வருடம் வாயே இடம் மாறுகிறது. நீரோட்டத்துக்கு ஓரவஞ்சனை கிடையாது. வடக்கே பிறந்த குடம்பிகளில் ஒரு பங்கு எங்கள் கடலுக்கும் வந்து விழுந்திருக்கத்தான் வேண்டும். விழுந்து, காலுக்கடியில் ஓடும் மணலில் ஒட்ட இடமில்லாமல் செத்திருக்கும். என் நான்கு வரியில் "ஒட்டுவதற்கு வன்தரை" என்று ஐந்தாவது வரி இல்லை.

வன்தரை மட்டும் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9-ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு வெளியே ஹேர்மஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. 300-க்கும் மேற்பட்டோர் அதில் இறந்தார்கள். 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. சுற்றிவர மணல், நடுவே இரும்பு. அந்த இரும்பில் மென்முருகைகளும் கரும்பவளமும் படர்ந்திருக்கின்றன, மீன் கூட்டம் கூட்டமாக நிற்கிறது. கற்பார் கட்டும் முருகைகள் செழிக்க அந்த ஆழத்தில் வெளிச்சம் போதாது; வெளிச்சத்தை நம்பாத வகைகள்தான் அங்கே குடியேறியிருக்கின்றன. நிலைமைகள் இருந்தால் வளரும், இல்லாவிட்டால் வளராது என்று நாங்கள் சொல்லிக்கொடுப்பது அரைகுறை. எந்த நிலைமை இருக்கிறதோ அதற்கேற்றவர் வந்து குடியிருப்பார் என்பதுதான் சரி. போர்க்கப்பலாகக் கட்டியதா கற்பாறையா என்று குடம்பி விசாரிப்பதில்லை.

பாசியும் கல்லும்

ஆனியில் காயன்கேணிக்குப் போனேன். வாழைச்சேனை தாண்டி, திருகோணமலை வீதியில், பனிச்சங்கேணிப் பாலத்துக்கு முன்னால். 2019-இல் அந்தக் கடற்பகுதியைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். என்னிடம் படித்த பையன் ஒருவன் அந்தப் பக்கம் படகு ஓட்டுகிறான். புவியியலில் அவனுக்குச் சித்தி இல்லை. அதை நான் நினைவூட்டவில்லை, அவன்தான் நினைவூட்டினான்.

போகும் வழியில் பாசிக்குடாவில் இறங்கித் தேநீர் குடித்தோம். பாசிக்குடா, கல்குடா என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெயர். பெயர் வைத்தவர்கள் என்ன நினைத்து வைத்தார்களோ, சொல்லைச் சொல்லாக எடுத்துக்கொண்டால் ஒன்று பாசி, மற்றது கல். முருகையின் கதை முழுக்க இந்த இரண்டு சொல்லுக்குள் கிடப்பதுபோல் எனக்குப் பட்டது. முருகை என்பது ஒரு மெல்லிய சதை. அந்தச் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி குடியிருக்கிறது. அது வெயிலில் சமைக்கிறது, முருகை தின்கிறது. வெளிச்சம் வேண்டும், தெளிந்த நீர் வேண்டும் என்று நான் கரும்பலகையில் எழுதுவதெல்லாம் உண்மையில் பாசிக்கு வேண்டியவை. அதே பாசிக் குலத்தில் இன்னொருத்தி, இழை இழையாகக் கல்லின்மேல் படர்ந்து வெயிலை மறைத்து முருகையைக் கொல்பவள். அவளை மேய்ந்து குறைக்கக் கிளிமீன் வேண்டும், கடல் முள்ளெலி வேண்டும். மூன்றாவது ஒருத்தியும் உண்டு: பாறையில் ரோசா நிறத்தில் காறையாக ஒட்டியிருப்பவள், தானும் சுண்ணாம்பாக இறுகுபவள். குடம்பி பெரும்பாலும் தேடி வந்து அமர்வது அவளுடைய மடியில்தான். ஒரே குடும்பத்தில் சமைத்துப் போடுகிறவள், கழுத்தை நெரிக்கிறவள், பிரசவம் பார்க்கிறவள். நம்முடைய சொந்தக்காரர் வீடுகளில் இல்லாததா?

நீச்சல் கண்ணாடியையும் மூச்சுக் குழாயையும் மாட்டிக்கொண்டு இறங்கினேன். வயது 50-ஐத் தாண்டியவன் உயிர்காப்பு அங்கியோடு தண்ணீரில் கவிழ்ந்து கிடப்பது பார்க்க அழகான காட்சி அல்ல. "காலை ஊன்றவேண்டாம் சேர். கல்லை மிதிக்கக்கூடாது," என்று பையன் அதட்டினான். எனக்கும் ஒரு காலம் வந்துவிட்டது.

முதலில் ஏமாற்றம். விளம்பரப் படங்களில் பார்க்கிற ஊதாவும் மஞ்சளும் எங்கே? பெரும்பாலானவை தவிட்டு நிறம், பாசி நிறம், சில இடத்தில் சாம்பல். அது உள்ளே குடியிருக்கும் பாசியின் நிறம் என்பது நினைவுக்கு வந்ததும் ஏமாற்றம் மெதுவாகக் கழன்றது. தவிட்டு நிறம் என்றால் வீட்டில் ஆள் இருக்கிறது என்று பொருள்.

பையன் ஒரு பாறையைக் காட்டினான். முச்சக்கரவண்டி அளவிருக்கும். அதைச் சுற்றி வர எனக்கு அரை மணி எடுத்தது. பல வருடமாகப் படிப்பித்ததை அந்த அரை மணியில்தான் படித்தேன். கடலைப் பார்த்த முகத்தில் உருண்டைக் கற்கள், மூளைபோல் மடிப்பு விழுந்தவை, பாறையோடு பாறையாகப் படிந்தவை. அலை அடிக்கிற பக்கம் தலை குனிந்தவர்கள்தான் தங்கியிருக்கிறார்கள். தரையைப் பார்த்த முகத்தில், அலை எட்டாத ஒதுக்கில், மான்கொம்புபோல் கிளைத்த ஒரு புதர். கிளைக்கல் வருடத்துக்கு 10 சென்ரிமீற்றர்கூட நீளும். உருண்டைக் கல் அதே வருடத்தில் 1 சென்ரிமீற்றர் தேறினால் பெரிது. ஆனால் ஒரு பெரிய அலை வந்தால் முறிவது கிளைதான். அந்தப் புதரின் காலடியில் முறிந்த விரல்கள் குவிந்து கிடந்தன. அதற்குக் கீழே பாறை உள்வாங்கி ஒரு குழி. நீரோட்டம் சுழன்று மண்டி படிகிற இடம். அங்கே கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் ஒரு முருகைகூட இல்லை. சேற்றுப் படலமும் இழைப்பாசியும்தான். வண்டல் மேலே படிந்தால் முருகை வழுவழுப்பான சளியைச் சுரந்து அதைத் தள்ளிவிடும். நாள்தோறும் துடைத்துக்கொண்டே இருந்தால் வளர எங்கே நேரம்? அதே குழியின் கூரையில், வெயிலே படாத நிழலில், கடற்பஞ்சு தொங்கியது.

ஒரே கடல், ஒரே வெப்பம், ஒரே உப்பு, ஒரே ஆழம். என் நான்கு வரியின்படி அந்தப் பாறை முழுவதும் ஒரே மாதிரி இருந்திருக்கவேண்டும். ஒரு முழம் தள்ளினால் வேறு ஊர்.

படகில் ஏறி உட்கார்ந்தபின் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வன்தரை இருக்கிறது, சரி. ஆனால் இங்கேயும் பக்கத்தில் வாழைச்சேனை முகத்துவாரம் இருக்கிறதே. மாரியில் வாவி வெள்ளம் அதன் வழியாகத்தானே கடலுக்கு வருகிறது? சேறும் நன்னீரும் எங்கள் கல்லாற்றுக்கு மட்டும் உரிய சாபம் இல்லையே? அதைப் பையனிடம் கேட்டேன்.

"கார்த்திகை மார்கழியில் வந்து பாருங்கள் சேர். இங்கேயும் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் நிற்கும். ஆனால் மேலேதான். கீழே இறங்கினால் தெளிவு. மேலே இருக்கிற கல்லில் ஒரு பங்கு செத்துப்போகும், கீழே உள்ளது தப்பிவிடும். காற்று வெளியே தள்ளினால் ஐந்து நாளில் தெளிந்துவிடும். பத்து நாள் நின்றால்தான் பயம்."

புவியியலில் சித்தியடையாதவன் சொன்னதை நான் அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டேன். நன்னீர் உப்புநீரைவிட இலேசானது, மிதக்கும். அதனால் வெள்ளக் காலத்தில் கடலுக்கு ஒரு நன்னீர்க் கூரை போட்டதுபோல் ஆகிவிடும். அந்தக் கூரைக்குள் தலை மாட்டியவர்கள் சாவார்கள், கூரைக்குக் கீழே நிற்பவர்கள் பிழைப்பார்கள்.

சராசரி என்ற பொய்

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது மனதில் தட்டுப்பட்டதை இப்போதும் உருட்டிக்கொண்டிருக்கிறேன். நாங்கள் பாடத்தில் கொடுப்பவை எல்லாம் சராசரிகள். சராசரி வெப்பம், சராசரி உவர்ப்பு. வகுப்பில் சராசரி எடுப்பது எங்களுக்குப் பழகிப்போன காரியம். இடத்தை விட்டு எழும்பிப் போக முடியாத ஓர் உயிருக்குச் சராசரியால் என்ன பயன்? மீனுக்குச் சூடு பிடிக்கவில்லை என்றால் ஆழத்துக்குப் போய்விடும். முருகை இருந்த இடத்திலேயே இருந்து 52 கிழமையையும் தாங்கவேண்டும். 51 கிழமை சொர்க்கமாக இருந்து ஒரு கிழமை மட்டும் நரகமாக இருந்தால், அந்த ஒரு கிழமைதான் அங்கே முருகை இருக்குமா இருக்காதா என்று முடிவு செய்யும்.

எங்கள் கரையின் மோசமான கிழமை எது என்று யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். மாரி மழை விடாமல் கொட்டி, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயல்கள் மூழ்கி, வாவி வீட்டு வாசலுக்கு வந்து, கடைசியில் முகத்துவாரத்தை வெட்டிவிடுகிற கிழமை. 56 கிலோமீற்றர் நீளமான வாவி பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் வாய் திறந்து, அத்தனை வயலின் சேற்றையும் அள்ளிக்கொண்டு கடலில் பாய்கிறது. எங்கள் கரை திறந்த நேர்கோடு; ஒதுங்கி நிற்க ஒரு முனையோ குடாவோ கிடையாது. இது போதாதென்று வங்காள விரிகுடாவின் நீரோட்டமும் அதே காலத்தில் தெற்கே திரும்பி, கங்கையும் பிரமபுத்திராவும் கொட்டிய நன்னீர் கலந்த உவர்ப்புக் குறைந்த தண்ணீரை எங்கள் கிழக்குக் கரை வழியாகக் கொண்டுவருகிறது. கங்கையில் நீராட காசிக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை, மார்கழியில் கல்லாற்றில் குளித்தாலும் ஓரளவு கணக்கு முடிந்துவிடும் என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் ரசிக்கவில்லை.

இந்தக் கணக்கை வெப்பத்துக்குப் போட்டுப் பார்த்தாலும் சரிவருகிறது. பாடப்புத்தகங்கள் முருகைக்கு 20-இலிருந்து 29 பாகை வரை என்பதுபோல் ஒரு எல்லை தரும். எங்கள் ஊர் இளைஞர்கள் வேலைக்குப் போகிற பாரசீக வளைகுடாவில் கோடையில் கடல் 34, 35 பாகை சுடுகிறது, அங்கேயும் முருகை வளர்கிறது. பாடப்புத்தகத்தின்படி அவை எப்போதோ செத்திருக்கவேண்டும். முருகையும் அதன் பாசியும் அந்தந்தக் கடலின் மிகச் சூடான மாதத்துக்கு வழி வழியாகப் பழகிக்கொண்டவை. ஆபத்து தொடங்குவது அந்தப் பழகிய உச்சத்துக்கு மேலே ஒரு பாகை ஏறும்போது. ஏறி நாலு கிழமை நின்றால் முருகை உள்ளே இருக்கும் பாசியை வெளியே துப்பிவிட்டு வெளிறுகிறது. எட்டுக் கிழமை நின்றால் பரவலாகச் சாகிறது. அதனால்தான் வளைகுடாவில் அவ்வளவு சூட்டைத் தாங்கியவையும் 2017-இல் வெளிறின. 1998-இல் இந்து சமுத்திரம் கொதித்தபோது ஹிக்கடுவையும் கற்பிட்டிப் பக்கத்துப் பெரும்பாரும் வெந்துபோயின. நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவுக் கற்பார் பெரும்பாலும் தப்பியது. ஒரே தீவு, ஒரே வருடம். அதன்பிறகு 2010, 2016 என்று மோசமான கிழமைகள் நெருங்கி நெருங்கி வருகின்றன. 2024 ஏப்ரலில் உலகம் தழுவிய நான்காவது பெரு வெளிறலை அறிவித்தார்கள். காயன்கேணிப் பையன் நாட்காட்டி பார்க்காமலே சொல்கிறான்: சித்திரை வருடப் பிறப்புக்கும் கச்சான் காற்றுத் தொடங்குவதற்கும் இடையில் காற்று விழுந்து கடல் எண்ணெய்போல் கிடக்கும் நாட்கள்தான் தனக்குப் பயம் என்று.

வெடி, சூளை, நங்கூரம், கண்ணாடி அடிப் படகில் வந்து கல்லின்மேல் ஏறி நின்று படம் எடுக்கும் உல்லாசப் பயணி, இவர்களை நான் விடுவிக்கவில்லை. கல் இருக்கிற இடத்தில் அவர்கள் குற்றவாளிகள்தான். ஆனால் கல் இல்லாத இடத்துக்கெல்லாம் அவர்களையே காரணம் காட்டுவது சோம்பேறித்தனம். இப்போதெல்லாம் சுற்றாடலைப் பற்றிப் பேசினால் உடனே ஒரு குற்றவாளியைப் பிடித்துக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். குற்றவாளி இல்லாத வெற்றிடமும் இயற்கையில் உண்டு. எங்கள் கடலில் கல் இல்லாதது ஓர் இழப்பு அல்ல. அது மணல் கடல். அதற்குரிய நெத்தலியும் காரலும் கணவாயும் அதில் இருக்கின்றன, அதற்குரிய வலையும் ஆட்களும் கரையில் இருக்கிறார்கள். கல் இருந்திருந்தால் அந்தப் பெரியவரின் குடும்பம் மூன்று தலைமுறையாக வேறு ஏதாவது தொழில் செய்திருக்கும்.

திருத்தம்

மூன்றாம் தவணை தொடங்கியதும் வகுப்பில் சொன்னேன். "மாசியில் நான் சொன்னது பிழை. இங்கே கல் இருக்கவில்லை. யாரும் வெட்டவும் இல்லை." பாறையின் படத்தைக் கரும்பலகையில் வரைந்தேன், நான்கு முகத்துக்கும் நான்கு கதை. பிள்ளைகள் கவனித்தார்கள் என்றே நினைக்கிறேன். யன்னலோரப் பிள்ளை மட்டும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. "அம்மப்பா அப்போதே சொன்னார் சேர்," என்றாள்.

பின்வாங்கில் இருந்து ஒருவன் எழும்பி, "பரீட்சையில் எதை எழுதுவது?" என்று கேட்டான். அதற்கும் நான் ஆயத்தமாக வரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான்கு வரியை எழுதுங்கள், புள்ளி அதற்குத்தான்," என்றேன். படத்தை அழித்துவிட்டு மறுபடியும் அந்த நான்கு வரியை எழுதினேன். இந்தத் தடவை கை தானாக எழுதவில்லை, ஒவ்வொரு வரியிலும் நின்று நின்று போனது. ஐந்தாவதாக வன்தரையையும் சேர்த்துவிட்டேன். திருத்துகிறவர் வெட்டினால் வெட்டட்டும்.

கார்த்திகையில் முகத்துவாரம் வெட்டிய மறுநாள் ஒரு பழைய சோடாப் போத்தலில் கடல் தண்ணீர் எடுத்து வந்து வகுப்பு யன்னலில் வைத்தேன். கடும் தேத்தண்ணி நிறம். மூன்றாம் நாள் தண்ணீர் தெளிந்து, அடியில் ஒரு விரல் தடிப்புக்குப் படுவான்கரை இறங்கியிருந்தது. பிள்ளைகள் வருவோர் போவோரெல்லாம் அதைக் குலுக்கிவிட்டுப் போகிறார்கள், திரும்பத் திரும்பத் தெளிகிறது.

இந்தப் பங்குனியில் மறுபடியும் கரைப்பக்கம் போனேன். வலை பாதி வந்திருந்தது, கயிற்றில் ஆள் குறைவு. பெரியவர் என்னைக் கண்டதும் தூரத்திலிருந்தே கத்தினார்.

"என்ன சேர், கல் முளைத்துவிட்டதா?"

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன். உள்ளங்கை எரிந்தது, காலுக்கடியில் மணல் ஓடிக்கொண்டிருந்தது. மடி கரையேறியபோது எட்டிப் பார்த்தேன். நெத்தலி, சூடை, கொஞ்சம் காரல், ஒரு தேங்காய் மட்டை, மூடி இல்லாத பிளாஸ்ரிக் போத்தல் ஒன்று. மடியில் ஒரு கண்ணிகூட அறுந்திருக்கவில்லை.